ஒரு பக்கம் மட்டும் மினுங்கிய காசு

அத்தியாயம் 6

*1911-ஆம் வருஷம் அடித்த வெள்ளி ரூபாயில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் அங்கிமேல் ஒரு குட்டி யானை உண்டு. தும்பிக்கை சரியாக அமையாததால் அது பன்றி மாதிரி தெரிகிறது என்று ஜனங்கள் கொதித்தார்கள். அடுத்த வருஷமே யானையைத் திருத்திவிட்டார்கள். பழைய காசு சேர்ப்பவர்கள் அந்த முதல் வருஷக் காசை இன்றும் 'பன்றி ரூபாய்' என்றுதான் சொல்கிறார்கள்.*

ஜம்புலிங்கம் வீட்டுக் கூடத்தில் ஒரே ஒரு நாற்காலிதான் இருந்தது. அதில் அவருடைய மகன் பூபாலன் உட்கார்ந்திருந்தார். ஆகவே துப்பறியும் நிபுணர் மாணிக்கவேலும், அவருடைய ஒரே உதவியாளரான நானும் நின்றுகொண்டிருந்தோம்.

"வர்றவங்க சீக்கிரம் கெளம்பட்டும்னே ஒரு சேரோட நிறுத்திக்கிட்டாரு போல சார்," என்று பாஸின் காதில் கிசுகிசுத்தேன்.

"வர்றவங்க இருந்திருந்தா ரெண்டாவது வாங்கியிருப்பாரும்மா," என்றார் அவர்.

என் பெயர் யுவஸ்ரீ. கம்மாபுரத்துக்காரி. விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே எங்கள் ஆபீஸ். வருகிற கேஸ்களில் முக்கால்வாசி, மாப்பிள்ளை குடிப்பாரா மாட்டாரா என்பதுதான். அதனால் "எங்கப்பாவோட வெள்ளிக் காசை மாத்திட்டாங்க" என்று பூபாலன் போன் செய்தபோது எனக்கு வாயெல்லாம் பல். இந்த வீட்டுக்குள் கால் வைத்ததும் அந்தச் சந்தோஷம் வடிந்துவிட்டது. செராமிக் தொழிற்பேட்டைக்குப் பின்னால் கடைசி வீடு. மதில்மேல் கண்ணாடிச் சில்லுக்குப் பதில் உடைந்த சாஸர் துண்டுகளைப் பதித்திருந்தார்கள். உள்ளே ஒரு தட்டு, ஒரு டம்ளர், கொடியில் ஒரு துண்டு. இறந்து பதினாறாம் நாள் காரியமும் முடிந்த மனிதர், இன்னும் கடைக்குப் போயிருக்கிற மாதிரி எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. எனக்கு அந்த வீட்டில் இருக்கவே பிடிக்கவில்லை.

"சார், நான் ஹைதராபாத் திரும்பணும். சுத்தி வளைக்காம சொல்லிடறேன்," என்றார் பூபாலன். நாற்பதை ஒட்டிய வயது. பேசும்போதே கை போனைத் தடவியது. "எங்கப்பா செராமிக் யூனிட்ல கிளேஸ் போடற செக்ஷன்ல, அதான் பீங்கான்மேல பளபளப்புப் பூச்சு ஏத்துற செக்ஷன்ல இருந்தாரு. சம்பாதிச்சதுல பாதி பழைய காசா வாங்கி ஆல்பத்துல போட்டாரு. அதுல பெரிய சொத்து இந்தப் பன்றி ரூபா. ரெண்டு வருஷம் முன்னாடி பாண்டிச்சேரி கண்காட்சியில நடராசன்னு ஒரு காசு மதிப்பீட்டாளர் இதைப் பார்த்து, தேயாத முதல் தரம்னு சொல்லியிருக்காரு. இப்ப விக்கலாம்னு அவருக்கே போட்டோ அனுப்பினேன். 'நான் பார்த்த காசு இது இல்லை'ன்னுட்டாரு."

"வீட்டுக்கு வந்து போறது யாரு?" என்றார் பாஸ்.

"பாஞ்சாலை. சமையல், பாத்திரம், எல்லாம் அவங்கதான். வேற ஒரு ஈ காக்கா கிடையாது. கம்ப்ளெயின்ட் எழுதி வச்சிட்டேன். நீங்க நல்லபடியா கேட்டு காசை வாங்கிக் குடுத்தா கிழிச்சிப் போட்டுடுவேன். இல்லன்னா மத்தியானம் ஸ்டேஷனுக்குப் போறேன்."

டீயை ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை மேஜைமேல் இருந்த வெள்ளை ஓட்டின்மீது வைத்தார். தரையில் பதிக்கிற டைல்ஸ் மாதிரி, ஒரு அடிக்கு ஒரு அடி இருக்கும் ஓடு. அதன் பக்கத்தில், களிமண்ணில் கையால் செய்து சுட்ட ஒரு போன் ஸ்டாண்டு நின்றது. பாஸ் தன் போனை எடுத்து அதில் வைத்துப் பார்த்தார். அது நேராக நிற்காமல் மேஜையை நோக்கிக் குப்புறச் சாய்ந்தது.

"உங்க போனு தலை குனிஞ்சு நிக்குது சார். நெட் பேக் போடலையா?" என்றேன்.

பாஸ் சிரிக்கவில்லை. "அந்தம்மாவப் பாத்துட்டு வந்துடறோம்," என்றார்.

பாஞ்சாலை கொல்லைப்புறக் குழாயடியில் நின்றிருந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தார். எந்த நேரமும் கிளம்பச் சொல்லிவிடுவார்கள் என்று எதிர்பார்த்து நிற்கிற மாதிரி இருந்தது.

"எடுத்தீங்களா?" என்றார் பாஸ், மழை வருமா என்று கேட்கிற தோரணையில்.

"இல்லீங்க."

"கழுவினீங்களா?"

"அந்த ஆல்பத்த நா தொட்டதே இல்லீங்க. தொடக்கூடாதுன்னு அய்யா மொத நாளே சொல்லிட்டாரு."

"வேற யாராவது தொட்டாங்களா?"

அவர் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். "நா இன்னும் மூணு வூட்டுல வேல செய்யுறங்க. ஒரு வூட்டுல திருடின்னு பேரு வந்தா மத்த வூட்டுலயும் கதவ சாத்திடுவாங்க. எம் பொண்ணுக்கு இப்பதான் நல்லூர்ல மாப்பிள்ள பேசியிருக்குது. அவ்ளதாங்க எனக்குச் சொல்லத் தெரியும்."

"தெரிஞ்சத சொல்லிட்டா இங்கியே முடிஞ்சிடுமே," என்றேன் நான்.

"எனக்குத் தெரிஞ்சது என்னோட இருக்கட்டும் பாப்பா."

திரும்பி நடக்கும்போது, "சார், சமாசாரம் உள்ள இருக்குது, கதவுதான் பூட்டியிருக்குது," என்றேன்.

"பூட்டினது அந்தம்மா இல்ல யுவஸ்ரீ. யாரோ பூட்டி சாவியக் கையில குடுத்துட்டுப் போயிருக்காங்க," என்றார் பாஸ்.

கூடத்துக்கு வந்ததும் ஜன்னலோரம் ஒரு வெள்ளைத் துணியை விரித்தார். ஆல்பத்திலிருந்து பன்றி ரூபாயை விளிம்பில் மட்டும் பிடித்து எடுத்து அதன்மேல் வைத்தார். இந்த மனிதருக்கு எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் தெரியும். மனைவி இறந்த பிறகு சாயங்காலங்களை எதையாவது படித்தே ஓட்டுகிறார். நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போதெல்லாம் "இந்த ஒரு பேப்பர மட்டும் பாத்துட்டுப் போயேன்" என்று எதையாவது நீட்டுவார். அந்தப் பேப்பரில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது.

"காசுக்குத் தரம் பாக்கறப்ப முதல்ல மேடான இடத்தப் பாக்கணும். கன்னம், காது, கிரீடம். தேய்ஞ்சா அதுதான் முதல்ல தேயும். அப்புறம் தோல். பழைய வெள்ளியில தானா ஏறுற கறுப்பு இருக்குதே, அதுதான் காசோட தோல். அத உரிச்சிட்டா முடிஞ்சிது."

"அழுக்கா இருந்தா விலை ஜாஸ்தியா? அப்ப எங்க ஹாஸ்டல் பக்கெட் எல்லாம் கோடி பெறும் சார்."

"பாரு," என்று லென்ஸைத் தந்தார்.

மன்னர் முகம் புது எவர்சில்வர் மாதிரி பளீரென்று இருந்தது. காசைத் திருப்பினார். பின்பக்கம் மங்கிய கறுப்பு. ஆனால் அந்தக் கறுப்பின்மேல் கன்னாபின்னாவென்று மெல்லிய கீறல்கள்.

"இப்ப நடராசன் ரெண்டு வருஷம் முன்னாடி எடுத்த போட்டோவக் காட்டுங்க," என்றார் பூபாலனிடம். "பின்பக்கம். வருஷத்துக்குக் கீழ பெரிசாக்குங்க."

போனில் பெரிதாக்கிய படத்தில், 1911-இன் கடைசி ஒன்றுக்குக் கீழே அரிசி நொய் அளவில் ஒரு வெட்டு. எங்கள் துணிமேல் கிடந்த காசிலும், கீறல்களுக்கு நடுவே, அதே இடத்தில், அதே சாய்வில் அந்த வெட்டு.

"காசு மாறல," என்றார் பாஸ். "இது உங்கப்பாவோட காசுதான். நடராசன் முகத்தப் பாத்து ஏமாந்துட்டாரு. தேய்ச்சிருக்காங்க."

பூபாலன் எழுந்தேவிட்டார். "அப்ப திருடல, நாசம் பண்ணியிருக்காங்க! பாத்திரத்தோட போட்டுக் கழுவியிருக்காங்க! இதுக்கும் கம்ப்ளெயின்ட் குடுக்கலாம்ல?"

அந்த அவசரத்தைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திருடவில்லை என்று தெரிந்த நிமிஷம் ஒரு பெருமூச்சாவது விட்டிருக்கலாம்.

"சார், பாத்திரம் தேய்க்கறவங்க யாராவது தட்டுல ஒரு பக்கம் மட்டும் தேய்ப்பாங்களா?" என்றேன். "அப்படி ஒரு ஆள் எங்க ஹாஸ்டல்ல இருந்தாங்க. ஒரே வாரத்துல அனுப்பிட்டோம்."

பாஸ் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு சின்னப் பாராட்டு இருந்தது. மாதக்கடைசியில் சம்பளம் தாமதமாகும்போது நான் நினைத்துக்கொள்வது இந்த மாதிரிப் பார்வைகளைத்தான்.

"இன்னொண்ணு," என்றவர், மன்னரின் பெயரெழுத்துக்களின் இடுக்கைக் குண்டூசி முனையால் லேசாகத் தொட்டார். வெள்ளையாக ஏதோ தூள் வந்தது. முகர்ந்தார். "திருநீறு. வெள்ளி குத்துவிளக்க நம்ம வூடுகள்ல இதாலதான் துடைப்பாங்க. மெதுவா, கீறல் விழாம. பாத்திரம் கழுவுற இடத்துலேர்ந்து வந்திருந்தா இந்த இடுக்குல புளியோ சோப்போதான இருக்கணும்?"

மூலையில் சாமி படத்துக்குக் கீழே திருநீறு வைக்கும் மரக்கிண்ணம் ஒன்று இருந்தது. ஜம்புலிங்கத்தின் போட்டோவிலும் நெற்றி நிறையத் திருநீறு.

"எங்கப்பாவா? சான்ஸே இல்ல," என்றார் பூபாலன். "நான் ஸ்கூல் படிக்கறப்ப ஒரு காசத் துணியால துடைச்சேன்னு ரெண்டு நாள் என்கூட பேசல. காசக் கழுவக்கூடாதுன்னு ஊருக்கே பாடம் எடுப்பாரு."

"அதான் எனக்கும் இடிக்குது," என்று சொல்லிவிட்டு பாஸ் ஆல்பத்தை என் பக்கம் தள்ளினார். "யுவஸ்ரீ, இதே மாதிரி பின்பக்கம் மட்டும் கீறல் இருக்குற காசெல்லாம் தனியா எடு. வெள்ளியும் பாரு, செம்பும் பாரு."

வெள்ளியில் சீக்கிரம் முடிந்தது. பன்றி ரூபாயைச் சேர்த்து மூன்று. மூன்றிலும் முகம் மினுங்கியது, முதுகு கீறியிருந்தது. மூன்றுமே ஆல்பத்தில் முதல் பக்கத்தில் இருந்தவை, அவர் உசத்தி என்று வைத்திருந்தவை. செம்பில்தான் கண் பூத்துப்போனது. காலணாக்கள் பக்கம் பக்கமாக இருந்தன. முகம் எதுவும் மினுங்கவில்லை. ஆனால் சிலவற்றின் முதுகில் அதே கீறல். எடுத்து அடுக்கினேன்.

"செம்பு பதினஞ்சு சார். வெள்ளி மூணு. ரேஷன் கடை அளவு மாதிரி இருக்குது."

பாஸ் அசையவில்லை. "எத்தன?"

"மூணு, பதினஞ்சு."

அவர் மெதுவாகத் திரும்பி மேஜையைப் பார்த்தார். நாற்காலி. போன் ஸ்டாண்டு. டீ டம்ளர். டம்ளருக்குக் கீழே வெள்ளை ஓடு. ஓட்டில் வட்டம் வட்டமாக டீக்கறை.

"தம்பி, இந்தக் கறை துடைச்சா போகுதா?" என்றார் பூபாலனிடம்.

"போகலையே. உள்ள எறங்கிடுச்சு. ஏன் சார்?"

"இந்த ஊர்ல கிளேஸ் போட்ட ஓடு டீயக் குடிக்காது. இது ஒரு தடவ மட்டும் சூளையில வெந்தது. கிளேஸ் ஏறாத பிஸ்கட் ஓடு. தொட்டுப் பாருங்க, உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு இருக்கும். வாழ்நாளெல்லாம் கிளேஸ் போட்ட மனுஷன் வூட்டுல கிளேஸ் இல்லாத ஓடு எதுக்கு? ஓரத்துல கறுப்புக் கோடு எட்டிப் பாக்குது, இதத் தலைகீழா வச்சது யாரு?"

"நான்தான். மேல பழைய கோடெல்லாம் இருந்துச்சு. பாக்கப் பிடிக்கல, அதான் கவுத்தேன்."

பாஸ் டம்ளரை எடுத்து அவர் கையில் கொடுத்தார். ஓட்டைத் திருப்பினார்.

வெறும் கோடுகள் இல்லை. உச்சியிலிருந்து கீழே விரியும் கோடுகள், குறுக்கே வெட்டும் கோடுகள். அழியாமல் இருக்க ஜம்புலிங்கம் கறுப்புச் சாயத்தில் வரைந்து சூளையில் சுட்டிருந்தார். கோயில் மண்டபத்துக் கல்தரையில் செதுக்கியிருக்குமே, அதே கட்டம்.

"ஆடுபுலி ஆட்டம்," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "மூணு புலி. பதினஞ்சு ஆடு."

கட்டத்தின் கோடுகளை ஒட்டிச் சாம்பல் நிறத்தில் மினுக்கும் கீற்றுகள் ஓடின. அவற்றுக்கு நடுவே செந்நிறக் கீற்றுகள். நகைக்கடையில் உரைகல்லில் மோதிரத்தை உரசிப் பார்ப்பார்களே, அந்த மாதிரி.

"காணாமப் போன வெள்ளி எங்கியும் போகல. இதுலதான் இருக்குது," என்றார் பாஸ். "காய் நகர்த்த நகர்த்த ஓடு கொஞ்சம் கொஞ்சமா காச உரசிடுச்சு. கையில கெடைச்ச ஓட்ட எடுத்து கட்டம் போட்டுட்டாரு. இந்தத் தப்பு இந்த ஊர்க்காரருக்குத்தான் வரும். வேற ஊரா இருந்தா அட்டையில வரைஞ்சிருப்பாரு."

எனக்கு உடனே எல்லாம் விளங்கிவிட்டது. அதாவது, விளங்கிவிட்டதாக நினைத்தேன்.

"சார், தனியா ஆட முடியாது. வந்து போனது ஒரே ஒருத்தங்க. பாஞ்சாலை அக்காதான் கூட ஆடியிருக்காங்க! கெழவர்கூட உக்காந்து ஆடினான்னு ஊரு தப்பாப் பேசும்னு வாயத் தொறக்கல!"

கொல்லைக் கதவு பக்கத்திலிருந்து குரல் வந்தது. "எனக்கு ஆடுபுலி ஆடத் தெரியாது பாப்பா."

பாஞ்சாலை நிலைப்படியில் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. திருப்பிய ஓட்டைப் பார்த்த கண்ணை எடுக்கவில்லை.

"தெரியாதுதான்," என்றார் பாஸ். "அவசரப்பட்டுட்ட யுவஸ்ரீ. கூட ஒருத்தர் உக்காந்து ஆடியிருந்தா இந்த வூட்டுல ரெண்டாவது சேர் இருந்திருக்கும். எதிர்ல ஆடினவருக்கு சேரே தேவைப்படல." களிமண் ஸ்டாண்டை எடுத்து ஓட்டுக்கு எதிரே வைத்தார். அதில் வைத்த போன் குனிந்து, கட்டத்தையே பார்த்தது. "மொகம் பாத்துப் பேசணும்னா போன நிமித்தி வைப்பாங்க. கட்டத்தக் காட்டணும்னாதான் இப்படிச் சாய்க்கணும். பூபாலன், உங்கப்பா யார்கூட ஆடினாரு?"

பூபாலன் அந்த ஸ்டாண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்கூட," என்றார் கடைசியில். "வீடியோ கால்ல. சின்ன வயசுல சாயங்காலம் ஆடுவோம். எப்பவும் எனக்குத்தான் புலி. அம்மா போனதுக்கு அப்புறம், போன வருஷம் அவர்தான் 'மறுபடி ஆடலாம்டா'ன்னாரு. நான் ஆபீஸ்ல இருந்துக்கிட்டே, இந்தப் புலிய அங்க நகர்த்துங்க, அந்தப் புலிய இங்க நகர்த்துங்கன்னு சொல்லுவேன். ஏதோ பழைய பட்டனு, வாஷரு வச்சு ஆடறாருன்னு நெனச்சேன் சார். சத்தியமா காசுன்னு எனக்குத் தெரியாது."

"எல்லாக் காசும் கறுத்துத்தான இருந்திருக்கும்?" என்று கேட்டார் பாஸ். குரலில் கடுமை இல்லை. "வெள்ளியும் கறுப்பு, செம்பும் கறுப்பு."

பூபாலன் முகத்தில் ஏதோ உடைந்தது. நான் அந்த மனிதரைக் காலையிலிருந்து மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். அந்த நிமிஷம் என்னால் திட்ட முடியவில்லை.

"நான்தான் சொன்னேன். 'எல்லாம் கறுப்பா தெரியுதுப்பா, எது புலி எது ஆடுன்னே தெரியல, விடுங்க'ன்னு கட் பண்ணிட்டேன். மறுநாள் அவரே கூப்பிட்டாரு. புலி மூணும் பளபளன்னு இருந்துச்சு. 'இப்பத் தெரியுதாடா?'ன்னாரு."

காசைத் தொட்டதற்காக மகனோடு இரண்டு நாள் பேசாமல் இருந்த மனிதர், மகன் இன்னும் கொஞ்ச நேரம் பேசவேண்டும் என்பதற்காகத் தன் சொத்தில் உசத்தியான மூன்றை எடுத்துத் திருநீற்றால் தேய்த்திருக்கிறார். அதுவும் போனுக்குத் தெரிகிற பக்கத்தை மட்டும். தேய்க்கத் தேய்க்க என்ன போகிறது என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் இந்த ஜில்லாவில் இருந்திருக்க மாட்டார்.

"இது உங்களுக்குத் தெரியும்," என்றார் பாஸ், பாஞ்சாலையிடம்.

"நீங்களாத்தான கண்டுபுடிச்சீங்க. நா ஒண்ணும் சொல்லல. அதுக்கு நீங்களே சாட்சி," என்றார் பாஞ்சாலை. பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தேய்ச்ச அன்னிக்கு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாருங்க. 'காச நானே தேய்ச்சேன்னு தெரிஞ்சா எனக்குப் புத்தி பேதலிச்சிப் போச்சுன்னு சொல்லி ஹோமுல சேத்துடுவான், சொல்லிடாத பாஞ்சாலை'ன்னாரு. செத்துட்டாருன்னா சத்தியம் இல்லன்னு ஆயிடுமா?"

"ஜெயிலுக்குப் போற வரைக்கும் வச்சிருந்திருப்பீங்களா?" என்றேன்.

"தெரியல பாப்பா. மத்தியானம் வரைக்கும் பாக்கலாம்னு இருந்தேன்."

"ரொம்ப நாள் ஆடலையே நாங்க," என்றார் பூபாலன் மெதுவாக. "ப்ராஜெக்ட் மாறுச்சு, நேரம் ஒத்துவரல. ரெண்டு மாசம்கூட ஆடியிருக்க மாட்டோம். ரெண்டு மாசத்துல இவ்வளவு கீறலா சார்?"

பாஸ் பாஞ்சாலையைப் பார்த்தார்.

"நீங்க விட்டுட்டீங்க தம்பி. அவரு விடல," என்றார் பாஞ்சாலை. "நா சாயங்காலம் பாத்திரம் கழுவ வர்றப்ப போன அதுல வச்சி, கட்டத்த விரிச்சி ஒக்காந்திருப்பாரு. மணி அடிக்கும், நீங்க எடுக்க மாட்டீங்க. செரின்னு உங்க புலியயும் அவரே நகத்துவாரு. 'இங்க வெக்கட்டுமாடா'ன்னு போனப் பாத்துக் கேட்டுட்டுத்தான் வெப்பாரு. முடிஞ்சதும் எல்லாக் காசையும் அதது பையில போட்டு மூடிடுவாரு. ஒரு நாளு நாந்தான் கேட்டேன், ரெண்டு பக்கமும் நீங்களே ஆடுறீங்களே, யாருங்க ஜெயிக்கிறதுன்னு."

"என்ன சொன்னாரு?" என்றார் பூபாலன்.

"'அவன்தான்'னாரு."

பூபாலன் நாற்காலியிலிருந்து எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். தோள் குலுங்கியது. வெளியே ஏதோ யூனிட்டிலிருந்து கழிவுச் சாமான்களைக் கொட்டும் லாரியின் சத்தம், பீங்கான் நொறுங்கும் சத்தம், ரொம்ப நேரம் கேட்டது.

கடைசியில் பாஞ்சாலைதான் பேசினார். "அழுவுறது அப்புறம் அழுவுங்க தம்பி. எம் பேரு என்னா ஆச்சு? அந்தப் பாண்டிச்சேரிக்காரருகிட்ட போன்ல சத்தமா வேலக்காரி எடுத்துட்டான்னு சொன்னீங்க. நா கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். எதுத்த வூட்டு ஜனங்களும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தாங்க. அதே மாதிரி சத்தமா இப்பவும் சொல்லுங்க."

பூபாலன் சட்டைப்பையில் இருந்த கம்ப்ளெயின்ட்டை எடுத்துக் கிழித்தார். வாசல் கதவை அகலத் திறந்து வைத்தார். எதிர்வீட்டில் இரண்டு பெண்கள் எட்டிப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, போனில் ஸ்பீக்கரைப் போட்டார்.

"நடராசன் சார், பூபாலன் பேசறேன். காசு மாறல. அதே காசுதான். முகத்த மட்டும் தேய்ச்சிருக்கு. பின்பக்கம் வெட்டு இருக்குது பாருங்க. எங்க வீட்ல வேலை செய்யற பாஞ்சாலைம்மா எடுக்கல. அவங்க மேல ஒரு தப்பும் இல்ல."

"அப்படியா? தேய்ச்ச காசுன்னா அப்புறம் தரமே போடமாட்டாங்களே சார்," என்றது போன். "வெறும் வெள்ளி எடைக்குத்தான் போகும். அடடா, அவ்வளவு அருமையான பீஸ். யாரு சார் இப்படிப் பாழாக்கினது?"

பூபாலன் வாசலைப் பார்த்தார். எதிர்வீட்டைப் பார்த்தார்.

"நான்தாங்க," என்றார். போனை அணைத்தார்.

பாஞ்சாலை தலையை ஆட்டினார். போதும் என்கிற மாதிரி ஒரு ஆட்டல். கொல்லைக்குப் போய்ச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கூடத்து வழியாகவே வந்தார். "நா போயிட்டு வரேன்னு சொல்ல மாட்டேன் தம்பி. போறேன். நாளைலேர்ந்து வேற ஆளப் பாத்துக்குங்க," என்றார். பூபாலன் கைகூப்பினார். அவர் அதைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

நானும் பாஸும் லென்ஸையும் துணியையும் எடுத்து வைத்தோம். பூபாலன் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். மேஜைமேல் கிடந்த மூன்று வெள்ளிக் காசுகளையும் எடுத்துக் கட்டத்தில் உச்சியில் ஒன்று, அதன் கீழே இரண்டு என்று வைத்தார். பன்றி ரூபாய்தான் உச்சியில் இருந்தது. பதினைந்து செம்புக் காசுகளையும் பக்கத்தில் குவித்துக்கொண்டார். ஆடு வைத்தால்தான் புலி நகர முடியும். ஆடு வைக்க எதிரே யாரும் இல்லை. களிமண் ஸ்டாண்டு காலியாக நின்றது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசற்படி வரை போன பாஞ்சாலை நின்றார். செருப்பைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி வந்தார். குவியலிலிருந்து ஒரு காலணாவை எடுத்தார். இத்தனை வருஷத்தில் அந்தக் காசுகளில் ஒன்றை அவர் தொட்டது அதுதான் முதல் தடவை. கட்டத்தின் அடிக்கோட்டில், இடது ஓரத்து முனையில் அதை வைத்தார்.

"எனக்கு ஆடத் தெரியாது," என்றார். "ஆனா அய்யா மொத ஆட்ட இங்கதான் வெப்பாரு. எப்பவும்."

சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பாஸ் என் தோளைத் தட்டினார். நாங்கள் சத்தம் போடாமல் வெளியே வந்து கதவைச் சாத்தினோம். உள்ளே பூபாலன் புலியின்மேல் விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். அடுத்து ஆட வேண்டியது அவர்தான்.